கண்ணாடி ரிம்மும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

என் வீட்டுக்காரர் கிரண்குமாரின் வாயிலிருந்து ‘ஓகே’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. ‘ரிஜெக்ட்’ என்ற சொல்லைக் கேட்காத நாளும் இல்லை. தோசை ஓரம் கருகினால் ரிஜெக்ட். கோலத்தில் ஒரு இழை தடித்துவிட்டால் ரிஜெக்ட். ஆசையாக ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்தால், அதைத் தலைக்கு மேலே தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்துக்குக் கீழே மயிரிழை அளவுக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்து, “இத்த திருப்பிக் குட்துட்டு வாமே, ரிஜெக்ட்டு” என்பார். கடைக்காரன் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்று அவருக்கென்ன கவலை?

ஆந்திராவில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் காருக்கு அலாய் வீல் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு பாலிஷ் செக்‌ஷன். விடியும் முன்னே எங்கள் வடமாலபேட்டை ரோட்டுக்குக் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போய்விடுவார். அங்கே அச்சிலிருந்து வருகிற வீலைச் சுழலுகிற துணிச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்க வேண்டும். தேய்த்ததை டியூப் லைட் வரிசைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. பச்சையை எல்லாம் கம்பெனியிலேயே ஒட்டித் தீர்த்துவிட்டு, சிவப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருகிறார் மனுஷன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் காபி கொண்டுபோய் நீட்டுகிறேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து டம்ளரின் அடியை ஒரு தேய் தேய்த்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் குடித்தார். பையன் வெட்கப்படுகிறான் என்று என் அம்மா சொன்னாள். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது!

அப்போது அவர் சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். டிரம் கழுவுகிற வேலை. இவர் கழுவிய டிரம்மில் சூப்பர்வைசர் முகம் பார்த்து மீசை வாரிக்கொள்வாராம். அதைப் பெருமையாக என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அப்புறம் ஸ்ரீ சிட்டி வந்தது, ஆள் எடுத்தார்கள், இவருக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வேலை கிடைத்தது.

குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை ஓங்கியது கிடையாது. அதெல்லாம் இருந்திருந்தால் திட்டுவதற்கு ஊரே எனக்குத் துணைக்கு வந்திருக்கும். இவரைப் பற்றிக் குறை சொன்னால், “பளபளன்னு வெச்சிக்கிறது ஒரு தப்பா பத்மினி?” என்று என்னையே கேட்கிறார்கள். வாழ்ந்து பார்த்தால் தெரியும் அவர்களுக்கு.

எங்களுக்கு ஒரே பெண், காவ்யா. கவர்ன்மென்ட் ஹைஸ்கூலில் பத்தாவது. நான் அங்கன்வாடியில் ஹெல்பர். என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளில், முன்னால் கூடை ஆடிக்கொண்டிருக்க, அவள் எங்கள் மண்டல் சைக்கிள் போட்டியில் முதலாவதாக வந்துவிட்டாள். நான் கூடையையாவது கழற்றிக் கொடுத்திருக்கலாம்; யாருக்குத் தெரியும் அவள் ஜெயிப்பாள் என்று? அடுத்தது திருப்பதியில் ஜில்லா செலக்‌ஷன். அதில் தேறினால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டு, படிப்பும் கொடுத்து, சைக்கிளும் அவர்களே கொடுப்பார்கள். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. காவ்யா எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை. ஒரு தோடு, ஒரு சுடிதார் கேட்டதில்லை. “எம்மா, இதுக்கு மட்டும் நான் போவணும்” என்று இதை மட்டும் கேட்டாள்.

அவளுடைய பி.டி. சார் சுரேஷ்பாபு எங்கள் வீட்டுக்கே வந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ் அவருக்கு.

“காள்ளலோ பலம் உந்தம்மா பாபகி. காலுல பலம் நல்லா கீது. ஆனா இந்த இரும்பு சைக்கிள வெச்சிக்கினு அங்க ஒண்ணும் பண்ண முடியாது. வெயிட்டே இல்லாத ரேஸ் சைக்கிள் வேணும். பழசா இருந்தாலும் பரவால்ல, அலாய் ரிம்மா இருக்கணும்.”

அலாய் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அதுவரை வாசல் கதவின் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். அந்த நிமிஷத்தோடு என் வீட்டுக்குப் பிடித்தது சனி.

கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்லி, திருப்பதியில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்கு டயர். ரிம் இரண்டும் மங்கிச் சாம்பல் நிறத்தில், அங்கங்கே உப்புப் பூத்துக் கிடந்தன. ஆனால் ஓடியது. டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டதும் ஜம்மென்று ஓடியது. காவ்யா புத்தூர் ரோட்டில் போய்த் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “எம்மா, மிதிக்கவே தேவல, தானா போவுது!” என்றாள்.

அன்று ஓட்டியதோடு சரி. மறுநாள் காவ்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சைக்கிளுக்குச் சக்கரம் இல்லை. ஸ்போக்ஸ் எல்லாம் என் குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. ரிம் இவர் மடியில்.

“இன்னாய்யா பண்ணிக்கினு கீற?” என்றேன்.

“சும்மா ஒரு பாலிஷ் போட்டுத் தரேன்மே. பாரு எப்டி கீதுன்னு. இத்த எடுத்துக்கினு நாலு பேருக்கு முன்னாடி எப்டி போறது?”

சும்மா ஒரு பாலிஷாம்! கேளுங்கள் அந்தச் சும்மாவின் கதையை.

ரிம்முக்கு மேலே ஏதோ ஒரு பூச்சு இருக்கிறதாம், அதை எடுக்காமல் ஷைனிங் வராதாம். துணி துவைக்கிற கல்லின் மேல் ரிம்மை வைத்து காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்து ஒரு புகை எழும்பியது. நானும் காவ்யாவும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். பக்கத்திலிருந்த என் துளசிச் செடி மறுநாளே கருகிப் போனது. நன்றாக வளர்ந்து நின்ற செடி அது.

பூச்சு போனதும் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அப்புறம் அதைவிட நைஸ், அப்புறம் அதையும்விட நைஸ். ஒவ்வொரு பேப்பரும் முந்தின பேப்பர் போட்ட கீறலை அழிப்பதற்காம். “அப்போ மொதக் கீறலப் போடாமயே இருந்திருக்கலாமே” என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தார்.

வாட்டர் பேப்பர் முடிந்து பாலிஷ் சோப்பு வந்தது. கம்பெனியில் துணிச் சக்கரம் சுழல்கிறது. வீட்டில் என்ன சுழல்கிறது என்று தேடியிருக்கிறார். என் மிக்சி கண்ணில் பட்டது. ஜாருக்குப் பதில் துணியைச் சுருட்டி மாட்டி, சுவிட்சைப் போட்டார். அது ஒரு ஓலம் போட்டது, ஒரு நாற்றம் அடித்தது, அத்தோடு நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மிச் சட்னிதான். “கையால தேச்சாதான் கரெக்டா வரும்” என்று ஒரு தத்துவம் வேறு சொன்னார், என்னவோ மிக்சிதான் தப்புப் பண்ணின மாதிரி.

கையால் தேய்க்கப் பருத்தித் துணி வேண்டும். பழைய துணியாக இருக்க வேண்டும், புதுத்துணி கீறிவிடும். என் நைட்டி போனது, தலையணை உறைகள் போயின. கடைசியில் பெட்டியைத் திறந்து அவருடைய கல்யாண வேட்டியை எடுத்துக் கிழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கல்யாண வேட்டிய கிழிச்சிட்டியே, உனுக்கு நெஞ்சுல ஈரம் கீதா?”

“பெட்டில தூங்கறதுக்கு இது ஒரு நல்ல வேலைக்கு ஒதவட்டுமே. உன் கூறைப்பொடவையும் எட்துப் பாத்தேன். பட்டு. அது ஒதவாது.”

எடுத்துப் பார்த்தாராம்! அது பட்டாக இருந்ததால் பிழைத்தது.

அலுமினியத்தைத் தேய்த்தால் கன்னங்கரேலென்று ஒரு மை வருகிறது. அந்தக் கறுப்பு கதவில், சுவிட்சில், டிவி ரிமோட்டில், பால் பாக்கெட்டில், எங்கு பார்த்தாலும். அதைத் துடைத்தெடுக்க மாவு போட்டுத் தேய்க்க வேண்டுமாம்; என் மைதா டப்பா காலி. அவருடைய நகக்கண் பத்தும் கறுப்பு. அந்தக் கையோடு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து தின்பார், தட்டில் ஒரு சின்னப் பொட்டு இருந்தால் மட்டும் ரிஜெக்ட் என்பார். பூஜை அலமாரியில் பித்தளை விளக்கு கறுத்துக் கிடக்கிறது, தேய்க்கிறதுதான் தேய்க்கிறாய், அதையும் கொஞ்சம் தேயேன் என்றேன். “அது வேற மெட்டல்மே. அதுக்கு வேற காம்பவுண்டு” என்றார். நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். காவ்யாவுக்குப் பழகச் சைக்கிள் இல்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விடியற்காலையில் அவள் என் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழகப் போய்விடுவாள். நான் லாரிகள் பறக்கிற சென்னை ரோட்டோரம் அங்கன்வாடிக்கு நடந்து போவேன். தினம் லேட், தினம் டீச்சரிடம் பாட்டு. என் சைக்கிளும் பாவம், மேட்டில் அழுத்தி மிதித்தால் செயினைக் கழற்றிவிடும். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்து, “நைனா, எப்போ மாட்டுவ?” என்று கேட்பாள்.

“வர சண்டே கண்ணு.”

சண்டே வரும். வெயிலில் ரிம்மைத் தூக்கிப் பிடிப்பார். எங்களுக்கெல்லாம் கண் கூசும். அவருக்கு மட்டும் ஒரு கீறல் தெரியும். “ரிஜெக்ட்” என்று சொல்லி மறுபடி வாட்டர் பேப்பரிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி எத்தனை சண்டே போனதோ.

பொங்கலும் முடிந்தது. செலக்‌ஷன் அடுத்த வாரம் என்றபோது சுரேஷ்பாபு சார் மறுபடி வந்தார். ரிம் இன்னும் மடியில் இருப்பதைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

“கிரண் அண்ணா, பாப்பா ஓட்டிப் பழகணும் அண்ணா. நீங்க இன்னும் தேச்சிக்கினே கீறீங்களே!”

“ஆயிடுச்சி சார். இன்னும் ரெண்டே கோட்டு.”

சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டு போனார். நான் ஆரம்பித்தேன். “யோவ், நீ மனுசன்தானா? அந்தப் பொண்ணு காலு வலிக்க அந்த ஓட்ட சைக்கிள மிதிச்சிக்கினு கீது. அவளுக்கு வந்தது ஒரே ஒரு சான்ஸ். அத்த நீ துணி போட்டுத் தேச்சிக்கினு கீற. ஒங்க கம்பெனியில ஒரு நாளைக்கு எத்தினி வீலு அனுப்புறீங்க? எம்பொண்ணுக்கு ரெண்டு வீலு அனுப்ப ஒனக்கு மாசக் கணக்கா ஆவுதா?” தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று கத்தினேன்.

காவ்யா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். “ஷைனிங் இல்லன்னாலும் பரவால்ல நைனா. எனக்கு ஓட்டணும்” என்றாள்.

இவர் துணியைக் கீழே வைத்தார். “அங்க திருப்பதி புள்ளைங்க எல்லாம் புது சைக்கிள்ல வரும் கண்ணு. எம்பொண்ணு லாட்ஜு மாடியில கெடந்தத எட்துக்கினு வந்தான்னு ஒருத்தன்கூட சிரிக்கக் கூடாது. அதுக்குத்தான்.”

இப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லித் திட்டுவது? கோபம் மட்டும் போகவில்லை. உள்ளே போய்ப் பாத்திரங்களை டமார் டமாரென்று அடுக்கினேன்.

செலக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சக்கரங்கள் மாட்டப்பட்டன. சைக்கிள் கடைக்காரர் ஸ்போக்ஸைக் கோத்து, கோணல் எடுத்துக் கொடுத்திருந்தார். நான் பொய் சொல்லக் கூடாது, அதைப் பார்த்து நான் அசந்துதான் போனேன். உள்பக்கம், வெளிப்பக்கம், ஓரம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் கண்ணாடி. குனிந்து பார்த்தேன், என் முகம் தெரிந்தது. பொட்டு கோணியிருந்தது, அதில் பார்த்தே சரிசெய்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஒரே ஒரு ரவுண்டு போய் வரேன் நைனா” என்றாள் காவ்யா.

“வேணாம் கண்ணு. ரோடெல்லாம் மண்ணு. ஒரு கல்லு தெறிச்சா கீறல் உழுந்துடும். நேரா அங்க போய் ஏறு.”

“பிரேக்கு பாக்க வேணாமா?”

அவர் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அவள் பிரேக்கைப் பிடித்தாள். நின்றது. “அவ்ளோதான்” என்றார். ஆள் ஏறி உட்கார்ந்து யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. அப்புறம் மெல்லிய மெஷின் ஆயிலை ஒரு துணியில் தொட்டு, ரிம் முழுக்க ஒரு தடவை தடவினார். கைரேகை ஒட்டாமல் இருக்க, கம்பெனியில் பேக்கிங்குக்கு முன்னால் இப்படித்தான் செய்வார்களாம். சைக்கிளைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்தார். காவ்யா பிறந்தபோதுகூட அவளை இவ்வளவு பதமாகப் போர்த்தினாரா என்று எனக்கு நினைவில்லை.

காலையில் நான் பூஜை போட்டேன். ஹேண்டில்பாருக்குப் பூ வைத்தேன். ரிம்மில் சந்தனம் வைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். “டயருக்கு வெய்மே. ரிம்முல வேணாம்.” சரியென்று டயருக்கே வைத்தேன். வண்டி புதிதாக வெளியே கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போவது எல்லோரும் செய்கிறதுதானே? லாரிக்காரனும் செய்கிறான், பைக் வாங்கியவனும் செய்கிறான். முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தேன்.

“அது ஆசிட்டுமே! சாறு தெறிச்சா கறை புடிச்சிடும்!”

சொல்லிக்கொண்டே சைக்கிளை அப்படியே அலாக்காகத் தூக்கி, பழத்துக்கு மேலாகத் தாண்டி, ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பழம் நசுங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை எடுத்து, காவ்யாவுக்கு ஜூஸ் போட வைத்திருந்த மற்றப் பழங்களோடு பையில் போட்டுக்கொண்டேன். 

திருப்பதி பைபாஸில் ஒரு பக்க ரோட்டை அடைத்துப் போட்டி வைத்திருந்தார்கள். இவர் போர்வையைப் பிரித்தார். வெயில் பட்டதும் ரிம் இரண்டும் மின்னிய மின்னலில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். புது சைக்கிளோடு வந்த பிள்ளைகள் ஓடிவந்து அதில் முகம் பார்த்தார்கள். ஒரு பெண் ரிம்மில் தன் முகம் தெரிய போட்டோ எடுத்துக்கொண்டாள். “எந்தக் கடையில வாங்கினீங்க அங்கிள்?” என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். போகட்டும், பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆண் பிள்ளைகள் கிளம்பிய பிறகு பெண் பிள்ளைகளின் சைக்கிள்களைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். விசிலோடு ஒரு ஒல்லி மனிதர். ஒவ்வொருவரும் வேகமாக ஓட்டி வர வேண்டும், விசில் ஊதினால் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். காவ்யா வந்தாள். விசில் ஊதினார். அவள் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். சைக்கிள் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, அதற்கப்புறமும் வழுக்கிக்கொண்டு போய், அங்கே நின்றிருந்த இரண்டு பேர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்கள். இன்னொரு தடவை வரச் சொன்னார். அப்போதும் அதேதான்.

அவர் குனிந்து ரிம்மைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். “ரிம்முகி ஆயில் எவரண்டி பெட்டிந்தி?”

ரிம்முக்கு எண்ணெய் போட்டது யார் என்று கேட்கிறார். இவர் வாயைத் திறந்தார், “சார், ஷைனிங்குக்கு...” என்றார்.

“பிரேக் பட்டட்லேதம்மா. பிடிக்கல. ரிஜெக்ட்” என்றார் அந்த மனிதர். பையன்கள் திரும்பி வருவதற்குள் சரிசெய்து காட்டினால் விடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போனார்.

ரிஜெக்ட். என் வீட்டில் தினம் கேட்கிற சொல்தான். நடுரோட்டில், என் பெண்ணைப் பார்த்து ஒருவர் அதைச் சொன்னபோது நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருஷமாக இவர் கை தேய்த்தது கார் வீல். காருக்கு பிரேக் உள்ளே தனியாக இருக்கிறது. ரிம்மை எதுவும் தொடுவதில்லை. சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மின் ஓரத்தைப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். சின்ன வயதிலிருந்து சைக்கிள் மிதித்த ஆளுக்கு இது தெரியாதா? தெரியும். தேய்க்க உட்கார்ந்தால் உலகமே மறந்துவிடுகிறதே, அதுதான் வியாதி.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். காவ்யா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம்.

போட்டிக்கு வந்திருந்த சுரேஷ்பாபு சார் ஓடி வந்தார். “ஆயில் மட்டும் போனா போதாது அண்ணா. கண்ணாடியா கீது, ரப்பர் வழுக்குது. அந்த ஓரம் சொரசொரன்னு ஆவணும். வாட்டர் பேப்பர் எதுனா எட்தாந்தீங்களா?”

கொண்டுவரவில்லை. இவர் பையில் இருந்தது அந்தக் கல்யாண வேட்டித் துண்டு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, சுற்றுவட்டாரத்தில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.

இவர் அப்படியே ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிமென்ட் வேலைக்குக் கொட்டி மிச்சமான மணல் அங்கே கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளினார். அள்ளிய கை ரிம்முக்கு மேலே வந்து நின்றுவிட்டது.  ஒரு கல் தெறித்தால் கீறல் விழும் என்று பெண்ணை ஒரு ரவுண்டுகூட விடாத மனுஷன்!

“யோவ், ஒரு பக்கம் மட்டும் பண்ணு. ஒரு பக்கமாவது அப்டியே இருக்கட்டும்” என்றேன். சத்தியமாக நான்தான் சொன்னேன். இத்தனை மாதம் அந்த ரிம்மைச் சபித்தவளும் நான்தான்.

“ரெண்டு பக்கமும் புடிச்சாதான்மே நிக்கும்” என்றார். “எலுமிச்சம்பழம் எட்தாந்தியே, குடு.”

பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்தார். எண்ணெய் போக முதலில் சாற்றைத் தேய்த்தார். பிறகு அந்த மூடியையே மணலில் புரட்டி, ரிம்மின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். காவ்யா சக்கரத்தைச் சுற்றினாள். கர்ரென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், எனக்கே பல் கூசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கையை எடுக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. நான் புடவையைச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்கு உட்கார்ந்தேன். வாசலில் நசுங்காமல் தப்பித்த பழம் என் கையில்தான் நசுங்கியது. சார் ரப்பர் கட்டைகளைக் கழற்றி ரோட்டுக் கல்லில் உரசினார். என் முகம் தெரிந்த கண்ணாடி, ஓரமெல்லாம் சாம்பலாகப் போனது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, வேட்டித் துண்டால் துடைத்தார்.

பையன்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. காவ்யா ஏறினாள். விசில். பிரேக்கைப் பிடித்தாள். கிறீச்சென்று ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு அலறல் போட்டுச் சைக்கிள் கோட்டின் மேலேயே நின்றது. “ஓகேம்மா, வெள்ளு” என்று அந்த ஒல்லி மனிதர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

போட்டியை நாங்கள் எங்கே பார்த்தோம்? ரோடு வளைந்து போனதும் பிள்ளைகள் மறைந்துவிட்டார்கள். இவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணல் கிழித்த இடமெல்லாம் எலுமிச்சைச் சாறு இறங்கியிருந்தது. “எரியுதா?” என்று கேட்டேன். “இல்ல” என்றார், பொய்.

காவ்யா மூன்றாவதாக வந்தாள். நான்கு பேரை எடுத்தார்கள். அதில் அவள் பெயர் இருந்தது. திரும்புகிற வளைவில் முன்னால் போன பெண் மண்ணில் சறுக்கி விழுந்தாளாம், அவள் மேல் இன்னொருத்தி. “நான் புடிச்சேன் நைனா, சட்டுனு நின்னுச்சி. ஒதுங்கி வந்துட்டேன்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். பழைய பிரேக்காக இருந்திருந்தால் என்று நான் நினைத்தேன், மேலே நினைக்கவில்லை. அவர் அவளைக் கட்டிக்கொண்டார், எரிகிற கையை அவள் மேல் படாமல் விரித்து வைத்துக்கொண்டு.

சாயங்காலம் வெயில் சாய்ந்த நேரத்தில் வீடு வந்தோம். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், இவர் வாசலில் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். கரண்டியோடு பாய்ந்தேன்.

“துணிய தொட்ட, கைய ஒடச்சிடுவேன். சொல்லிட்டேன்.”

அவர் துணியைத் தொடவில்லை. சக்கரத்தைத் தலைக்கு மேலே தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் இன்னும் கண்ணாடிதான். ஓரம் முழுக்கக் கீறல், குறுக்கும் நெடுக்குமாக, குருடனுக்கும் தெரிகிற கீறல். ஒரு கீறல் விடாமல் விரலால் தடவிப் பார்த்தார். நான் கரண்டியோடு அந்தச் சொல்லுக்குக் காத்து நின்றேன்.

“ஓகே” என்றார்.

“இன்னா சொன்ன?”

“ஓகேமே” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை எடுத்துப் போய் மாட்ட ஆரம்பித்தார்.

என் தோசைக்கு வராத சொல். கோலத்துக்கு, குடத்துக்கு, இத்தனை வருஷமாக நான் தேய்த்துக் கவிழ்த்த எந்தப் பாத்திரத்துக்கும் வராத சொல். போயும் போயும் மணலைப் போட்டுப் பிராண்டிய ரிம்முக்கு வருகிறது. நான் அங்கேயே சண்டை பிடித்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே போய் அழுதுகொண்டே அம்மியில் சட்னி அரைத்தேன். மிக்சியை இன்னும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை.